சின்னத் தோட்டத்தில் எதற்குப் பக்கத்தில் எதை நடுவது?

கேள்வி இதுதான். வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொஞ்சம் கீரை, ஒரு பந்தல் கொடி போட ஆசை. நட்புச் செடிகள், பகைச் செடிகள் என்று நிறையப் பட்டியல்கள் கண்ணில் படுகின்றன. கேரட்டுக்கு வெங்காயம் துணை, தக்காளிக்குத் துளசி வகை துணை, செண்டுமல்லி வைத்தால் பூச்சியே வராது என்கிறார்கள். நம் ஊருக்கு இதெல்லாம் சரிப்படுமா, எதை எங்கே நடுவது?

துணைப்பயிர் நம் ஊருக்கு நன்றாகவே சரிப்படும். அந்தப் பட்டியல்களிலிருந்து மட்டும் தொடங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெயில் போதாது என்பது கவலை, நமக்கு வெயில் தாங்காது என்பது கவலை. எந்தச் செடிக்கு எந்தச் செடி நண்பன் என்று மனப்பாடம் செய்வதைவிட, பக்கத்தில் நிற்கும் செடி என்ன வேலை செய்யப் போகிறது என்று கேளுங்கள். நிழல் கொடுக்குமா, கொடிக்குக் கொழுகொம்பாக நிற்குமா, புழுவைத் தன் பக்கம் இழுக்குமா, நல்ல பூச்சிக்குச் சோறு போடுமா, அல்லது மற்றது வளர்வதற்குள் அறுவடை முடிந்து இடத்தைக் காலி செய்யுமா? இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லையென்றால் அது துணை இல்லை, சும்மா பக்கத்தில் நிற்கிறது.

நான் இதைக் கற்றது எங்கள் பக்கத்து மஞ்சள் காடுகளில். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளைத் தனியாகப் போடுவது குறைவு. மஞ்சள் வெட்ட 9 மாதம் ஆகும். முதல் இரண்டு மாதம் அது முளைத்து இலை விடுவதற்குள், இடையில் ஊன்றிய சின்ன வெங்காயத்தை 65, 70 நாளில் பிடுங்கி விற்றிருப்பார்கள். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கொட்டமுத்து என்று நாங்கள் சொல்லும் ஆமணக்கும் துவரையும் நிற்கும். மஞ்சளுக்கு அரை நிழல் பிடிக்கும், அதை அவை தரும். வெற்றிலைக் கொடிக்கால் இதைவிடத் தெளிவான பாடம். அகத்தியை முதலில் விதைத்து வளரவிட்டு, பிறகுதான் வெற்றிலைக் கொடியைப் பதிப்பார்கள். அகத்தி கொடிக்குத் தூணாகவும் கூரையாகவும் நிற்கும். கழித்த தழை ஆட்டுக்குப் போகும், கீரை சமையலுக்கு வரும். துணைப்பயிர் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே செய்த வேலை இது.

சின்னத் தோட்டத்தில் நான் முதலில் பார்ப்பது நாள் கணக்கு. கத்தரி, தக்காளி நாற்றுகளை இரண்டடி இடைவெளியில் நடுகிறோம். நட்ட முதல் 30, 35 நாளுக்கு அந்த இடைவெளி முழுக்க வெறும் மண்தான். வெயில் அடித்து மண் காயும், களை முளைக்கும். அதே நாட்களில் வெந்தயக்கீரை 20, 25 நாளில் வந்துவிடும். சிறுகீரையும் அப்படித்தான். கொத்தமல்லி 35, 40 நாள், முள்ளங்கி 45 நாள். நாற்று நட்ட அன்றே இடையில் வெந்தயமும் சிறுகீரையும் தூவிவிட்டால், தக்காளி படரத் தொடங்கும் நேரத்தில் கீரையை வேரோடு பிடுங்கி முடித்திருப்பீர்கள். ஒரே பாத்தியில் இரண்டு விளைச்சல், போட்டியும் இல்லை. தண்டுக்கீரையை மட்டும் இப்படி விடாதீர்கள். அது ஆள் உயரம் வளர்ந்து தக்காளியை மூடிவிடும். நாற்றின் தூரைச் சுற்றி ஒரு சாண் இடம் எதுவும் தூவாமல் விடுவதும் முக்கியம்.

இடையில் எதையாவது விதைத்து மண்ணைப் பச்சையாக மூடுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் ஆய்வு நிலையத்தில் ஸ்டான் ஃபிஞ்ச், ரோஸ்மேரி காலியர் என்ற பூச்சியியல் அறிஞர்கள் முட்டைக்கோஸ் ஈயை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். துணைச்செடியின் வாசனை பூச்சியை விரட்டுகிறது என்ற பழைய எண்ணத்தைச் சோதித்ததில், பச்சைக் காகிதத்தில் செய்த போலிச் செடிகளைச் சுற்றிலும் வைத்தாலும் ஈ முட்டையிடுவது குறைந்தது. காகிதத்துக்கு ஏது வாசனை? 2000ஆம் ஆண்டு அவர்கள் முன்வைத்த விளக்கம் இது: பறந்து வரும் பூச்சி பச்சையாகத் தெரியும் எதிலும் இறங்கும். இறங்கிய இலையைக் காலால் தொட்டுச் சுவை பார்க்கும். அடுத்தடுத்துச் சரியான இலை கிடைத்தால்தான் முட்டை வைக்கும். நடுவில் வேறு செடியின் இலையில் இறங்கிவிட்டால் தடுமாறும், பலமுறை தடுமாறினால் இடத்தையே விட்டுப் போகும். பழுப்பு மண்ணில் தனியாக நிற்கும் கோஸ் செடியோ, கூப்பிட்டுக் காட்டுவதுபோல் கண்ணில் படும். எல்லாப் பூச்சியும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வாசனைச் செடியைத் தேடி அலைவதைவிட, பாத்தியில் வெறும் மண் தெரியாமல் பார்த்துக்கொள்வது பயன் தரும் என்பதே என் அனுபவமும்.

அடுத்து செண்டுமல்லி. இதைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை இருக்கிறது. செண்டுமல்லி வைத்தால் பூச்சி வராது என்பது தவறு. பூச்சி தக்காளிக்குப் போகாமல் செண்டுமல்லிக்கு வரும், பொறியாக நிற்பதுதான் அதன் வேலை. தக்காளியைக் குடைந்து உள்ளே போகும் பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குச் செண்டுமல்லியின் மொட்டும் பூவும் மிகவும் பிடிக்கும். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கணக்காகவே கொடுத்திருக்கிறது. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி. தக்காளி நாற்று 25 நாள், செண்டுமல்லி நாற்று 45 நாள் வயதாக இருக்கும்போது இரண்டையும் ஒரே நாளில் நட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து பூக்கும். பலரும் தவறவிடுவது இந்த 20 நாள் வித்தியாசத்தைத்தான். தக்காளி காய்த்த பிறகு கடையில் பூச்செடி வாங்கி வந்து வைத்தால் பொறி தாமதமாகிவிட்டது.

உங்கள் இடத்தில் ஏழெட்டுத் தக்காளிதான் வரும், பாத்தியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு செண்டுமல்லி போதும். ஆனால் பொறி வைத்தவர் போய்ப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை பூக்களை உதிர்த்துப் பாருங்கள். புழு இருக்கும் பூக்களைப் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அப்படியே விட்டால் நாமே புழுவுக்குப் பண்ணை வைத்த மாதிரி ஆகும். பொறிப்பயிர் எதுவானாலும் இதே விதிதான். ஆமணக்கு இலையின் அடியில், இலை தின்னும் புரோடீனியாப் புழுவின் முட்டைக் குவியல் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். அந்த இலையைக் கிள்ளி அழிக்கிறவருக்குத்தான் ஆமணக்கு உதவும். கார்த்திகை, மார்கழியில் கோஸ், காலிஃபிளவர் போட்டால் பக்கத்தில் கடுகு தூவுங்கள், வைரமுதுகு அந்துப்பூச்சி கடுகுக்குப் போகும். கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு ஒருமுறை, நட்டு 25 நாள் கழித்து இன்னொருமுறை தூவினால் கடுகு எப்போதும் இளசாக இருக்கும். தாளிப்புக்கு வைத்திருக்கும் கடுகே முளைக்கும்.

செண்டுமல்லியின் இன்னொரு புகழ், மண்ணுக்குள் வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை ஒழிப்பது. இது உண்மை. அதன் வேரில் ஆல்ஃபா டெர்தியனில் என்ற பொருள் இருக்கிறது, அது நூற்புழுவுக்கு நஞ்சு. ஆனால் தக்காளிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு செடி நின்றால் அதன் வேர் போகும் இடத்தில் மட்டும்தான் வேலை நடக்கும். நூற்புழு இருக்கும் பாத்தி என்றால், ஒரு பருவம் அந்தப் பாத்தி முழுக்கச் செண்டுமல்லியை நெருக்கமாகப் போட்டு, இரண்டு மூன்று மாதம் விட்டு, அங்கேயே மடித்துப் புதைக்க வேண்டும். இதற்குக் குட்டையாக அடர் ஆரஞ்சில் பூக்கும் வகை நல்லது. நூற்புழு இருக்கிறதா என்று தெரிய, காய்த்து முடிந்த வெண்டையையோ தக்காளியையோ பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். வேரே அங்கங்கே வீங்கி முண்டு முண்டாக இருந்தால் நூற்புழு. பயறுச் செடியின் வேரிலும் முண்டு இருக்கும், அது வேறு. அது வேரின் மேல் ஒட்டியிருக்கும் மணி, நகத்தால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், காற்றிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தழைச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் அவரையோ தட்டைப்பயறோ இருந்தால் கத்தரிக்கு உரம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். உயிரோடு நிற்கும்போது பயறுச் செடி பிடித்த சத்தில் பெரும்பகுதியைத் தன் இலைக்கும் விதைக்கும்தான் எடுத்துக்கொள்ளும். பக்கத்துச் செடிக்குக் கசிவது கொஞ்சம். இலையும் வேரும் மட்கும்போதுதான் மண்ணுக்குச் சேரும். அதனால் காய்ப்பு முடிந்த பயறுச் செடியைப் பிடுங்காதீர்கள். தரையோடு வெட்டி, தழையை அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். அடுத்த பருவம் அந்த இடத்தில் கீரையோ கத்தரியோ வையுங்கள்.

சோளம் அல்லது மக்காச்சோளத்தைக் கொழுகொம்பாக வைத்துப் பயறுக் கொடியை ஏற்றுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து நட்டு, மூன்று சகோதரிகள் என்று அழைத்தார்கள். நம் மானாவாரிக் காடுகளிலும் சோளத்தோடு தட்டையும் மொச்சையும் கலந்து விதைப்பது பழக்கம்தான். வீட்டுத் தோட்டத்தில் சோளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தக்காளியில் இலைச்சுருட்டு வைரஸைக் கொண்டுவரும் வெள்ளை ஈ, காற்றோடு மிதந்து வரும். காற்று வரும் பக்கம் சோளம் இரண்டு வரிசை அடர்த்தியாக நின்றால் அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கும். இதற்கு நாற்று நடுவதற்கு மூன்று வாரம் முன்பே சோளம் விதைத்திருக்க வேண்டும். எங்கள் கொங்குப் பக்கம் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும், அதனால் மேற்கில் வைக்கிறோம். உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளமா, சோளமா என்றால் நான் சோளம் என்பேன். முதல் முறை நான் மக்காச்சோளம்தான் வைத்தேன். கதிர் பிடித்த பிறகு நுனியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப்புழு. தக்காளியைக் குடையும் அதே காய்ப்புழுதான் மக்காச்சோளக் கதிரையும் தின்னும் என்று அப்போதுதான் புரிந்தது. 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் பரவிய படைப்புழு வேறு சேர்ந்துகொண்டது. அது சோளத்தையும் தின்னும், ஆனால் மக்காச்சோளம்தான் அதற்கு முதல் விருப்பம். சோளத்தில் பால் பிடித்தால் குருவிகள் வரும். குருவி வருவது எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை, போகிற போக்கில் புழுவையும் பொறுக்கிக்கொண்டு போகும்.

சோளத்தடியில் ஏற்றும் தட்டைப்பயற்றில், சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சியான கருப்பு அசுவினி கட்டாயம் வரும். பார்த்தவுடன் மருந்து தெளிக்காதீர்கள். அந்தக் கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறு வகைகளிலேயே தங்கும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் குடிபோவது அரிது. ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் பொறிவண்டு வந்து முட்டையிடும். அதன் குஞ்சு முதலைபோல் கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். அதைப் புழு என்று நினைத்து நசுக்குகிறவர்கள் அதிகம், தயவுசெய்து நசுக்காதீர்கள். அசுவினியை அதிகம் தின்பது அந்தக் குஞ்சுதான். தட்டைப்பயற்றில் பெருகிய பொறிவண்டுகள் பிறகு கத்தரி, வெண்டையில் வரும் அசுவினிக்கும் போகும். கொஞ்சம் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விடுவதும் இதே காரணத்துக்குத்தான். அந்தச் சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களின் தேன், ஒட்டுண்ணிக் குளவிகளின் குட்டி வாய்க்கும் எட்டும். அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும் சிர்பிட் ஈயும் அதைத் தேடி வரும். தோட்டத்துக்கு ஒரு கைப்பிடி பூத்த கொத்தமல்லி எப்போதும் இருக்கட்டும்.

துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் தேனீயை அழைக்கும், பூசணிக்கும் பாகலுக்கும் அது உண்மையான உதவி. பூசணி, பாகல் இரண்டும் காலையில் பூக்கும், தேனீ வரும் நேரம் அதுவே. ஆனால் பீர்க்கு, சுரை, புடலை மூன்றும் சாயங்காலம் பூ விரிப்பவை. அவற்றைத் தேடி வருவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். பந்தலில் பீர்க்கு போட்டுவிட்டு, பிஞ்சு வெம்பி உதிர்கிறதே, துளசி வைத்தும் பலனில்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மாலை 6 மணிக்கு மேல் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடித்து, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண்பூ.

சேர்த்து வைக்கக் கூடாதவற்றைப் பார்க்கலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். வாடல் நோய், நூற்புழு, வெள்ளை ஈ எல்லாம் மூன்றுக்கும் பொது. மூன்றையும் ஒட்டி நட்டு, அடுத்த பருவமும் அதே இடத்தில் நட்டால் நோய் மண்ணிலேயே தங்கும். சின்ன இடத்தில் முழுதாகப் பிரிக்க முடியாது, நடுவில் வேறு குடும்பத்துச் செடியையாவது வையுங்கள். வீட்டில் செம்பருத்தி இருந்தால் வெண்டையை அதிலிருந்து தள்ளி வையுங்கள், செம்பருத்தியின் மாவுப்பூச்சி எறும்பு துணையோடு வெண்டைக்கு வந்துவிடும். புதினாவைத் தொட்டியில் மட்டும் வையுங்கள், மண்ணில் விட்டால் வேரோடி எல்லாவற்றுக்குள்ளும் நுழையும். பூசணி இந்த இடத்துக்கு வேண்டாம். கத்தரித் தண்டுத்துளைப்பானுக்கு எந்தத் துணைச்செடியையும் நம்பி இருக்காதீர்கள். நுனி வாடித் தொங்கினால் அன்றே இரண்டு அங்குலம் கீழே கிள்ளி அழிப்பதுதான் நான் கண்டு பலித்தது.

இப்போது உங்கள் இடம். நம் ஊரில் செடியை வாட்டுவது மேற்கு வெயில். அதனால் பந்தலை மேற்கில் போடுங்கள். மேற்கு ஓரம் 12 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், அதில் 6 அடிக்குப் பந்தல், மீதி 6 அடிக்குச் சோளமும் தட்டைப்பயறும், இரண்டுக்கும் 3 அடி அகலம். பந்தலுக்குக் கீழே மஞ்சள், இஞ்சி, சேம்பு மூன்றும் நிழலில் நன்றாக வரும். சித்திரை, வைகாசியில் வெட்டவெளியில் கருகும் கொத்தமல்லியும் அங்கே பிழைக்கும்.

மீதி 7 அடி அகலத்தில், பந்தலை ஒட்டி ஓரடி நடைபாதை, இரண்டரை அடிப் பாத்தி, மறுபடி ஓரடி நடைபாதை, இன்னொரு இரண்டரை அடிப் பாத்தி. பாத்திக்குள் கால் வைக்காமல் கை எட்டும். ஒரு பாத்தி முழுக்கத் தக்காளி ஏழெட்டு, இரு ஓரமும் மாற்றி மாற்றி நடுங்கள். இரு முனையிலும் செண்டுமல்லி, இடையில் வெந்தயமும் சிறுகீரையும். இன்னொரு பாத்தியில் ஒரு முனையில் இரண்டு கத்தரி, நடுவில் வெண்டை, மறு முனையில் நான்கு மிளகாய். மிளகாய்க்கு இடையில் சின்ன வெங்காயம் ஊன்றுங்கள். விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி மூன்றையும் சேர்த்தே போடுவார்கள். வெங்காயத்தின் வேர் மேலாக ஓடும், மிளகாய் பலன் கொடுக்கத் தொடங்கும்போது வெங்காயம் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் இலைச்சாற்றை உறிஞ்சும் இலைப்பேன் வருமே என்று சிலர் பயப்படுவார்கள். முக்கியமாக வருவது வேறு வேறு இனம், அதற்காகத் தயங்க வேண்டாம். அடுத்த பருவம் வெண்டை நின்ற இடத்துக்குத் தக்காளி போகட்டும், தக்காளி நின்ற பாத்தியில் தட்டைப்பயறும் கீரையும் வரட்டும்.

மாடியில் பைகளில் வளர்ப்பவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு ஒரு காய்ச்செடிதான், ஓரத்தில் கொஞ்சம் கீரை. மற்ற துணைச்செடிகளைத் தனிப் பையில் வைத்துப் பக்கத்தில் நகர்த்துங்கள். பூ, நிழல், பொறி இவையெல்லாம் பை விட்டுப் பை வேலை செய்யும், வேர் சம்பந்தப்பட்டது மட்டும் செய்யாது.

ஆடிப்பட்டத்துக்கு எனில் நாள் இப்படி வரும். ஆனி பிறந்ததும் செண்டுமல்லி விதையைக் குழித்தட்டில் போடுங்கள். ஆனி 12 வாக்கில் மிளகாயும் கத்தரியும், ஆனி 22 வாக்கில் தக்காளி. ஆனி 26க்குள் மேற்கில் சோளம் விதைத்துவிட வேண்டும். ஆடி ஒன்றுக்குப் பந்தலடியில் கொடி விதை. சோளம் சாண் உயரம் வந்ததும், ஆடி 8 போல, அதன் தூரில் தட்டைப்பயறு. ஆடி 15க்கு நாற்றுகளையும் செண்டுமல்லியையும் ஒன்றாக நட்டு, வெண்டை விதையை ஊன்றி, அன்று சாயங்காலமே இடையில் கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள்.